சாஃப் கோப்பையை ஜெயித்தால் அடுத்து எங்கே போகலாம்?

[திரையில்: ஒரு நாணயம் சுழல்கிறது]

2024 பிப்ரவரி 8. டாக்காவின் கமலாபூர் மைதானம். சாஃப், அதாவது தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு நடத்திய போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவும் வங்கதேசமும் 1-1. பெனால்டி ஷூட் அவுட். அணிக்கு ஐந்து உதை முடிந்தும் சமம். கோல்கீப்பர்கள் வரைக்கும் வந்து உதைத்தாயிற்று: 11-11. இப்போது என்ன செய்யணும்?

விதிப்புத்தகத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது. பதினோரு பேரும் உதைத்து முடித்தால் மறுபடி முதலிலிருந்து. வரிசையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு அணியும் ஒரே எண்ணிக்கையில் உதைத்திருக்கும்போது ஒன்று முந்தும்வரை ஓயக் கூடாது. ஷூட் அவுட்டில் நாணயத்துக்கு இரண்டே வேலை: எந்தப் பக்கத்து கோல், யார் முதலில். 1968 யூரோ அரையிறுதியில் சோவியத் யூனியனை இத்தாலி டாஸில்தான் தாண்டிப் போனது. அந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் 1970-இல் ஷூட் அவுட் விதிக்குள் வந்தது.

கமலாபூரில் ஆட்ட ஆணையர் டாஸ் போடச் சொன்னார். டாஸ் இந்தியாவுக்கு விழுந்தது, கொண்டாட்டமும் ஆரம்பித்தது. வங்கதேச வீராங்கனைகள் மைதானத்தை விட்டு நகரவில்லை. கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. தப்பு புரிந்து, ஷூட் அவுட்டைத் தொடரக் கூப்பிட்டபோது இந்திய அணி திரும்ப இறங்கவில்லை. ரொம்ப நேரம் இழுத்து, கடைசியில் இரண்டு பேரும் கூட்டுச் சாம்பியன்.

ஒரு கோப்பையை இப்படிப் பங்கு போட முடிந்தது எப்படி? அந்தக் கோப்பைக்குப் பின்னால் யாருக்கும் ஒரு இடம் காத்திருக்கவில்லை. சாஃப்பைப் புரிந்துகொள்ள இதைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

[திரையில்: ஃபிஃபா, அதன் கீழ் ஏஎஃப்சி, அதன் கீழ் சாஃப்]

உலகத்துக்கு ஃபிஃபா, ஆசியாவுக்கு ஏஎஃப்சி. அதற்கும் கீழே தெற்காசியாவுக்கு சாஃப். 1997-இல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், மாலத்தீவு சேர்ந்து தொடங்கியது. தலைமையகம் டாக்கா. பூடான் பிறகு வந்தது. ஆப்கானிஸ்தானும் வந்தது, 2013-இல் ஆண்கள் இறுதியில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது, அப்புறம் மத்திய ஆசியப் பக்கம் போய்விட்டது. ஆண்கள் போட்டிக்கு வயது சங்கத்தைவிட அதிகம்: 1993-இல் லாகூரில் ஆரம்பம், 1995-இல் கொழும்பில் இலங்கை இந்தியாவை 1-0 என்று ஜெயித்தது. இந்தியாவிடம் இப்போது 9 பட்டங்கள்.

ஆனால் இதை ஜெயித்தால் ஆசியக் கோப்பைக்கோ உலகக் கோப்பைக்கோ டிக்கெட் கிடையாது. அவற்றுக்கான தகுதிச்சுற்றை நடத்துவது மேலே இருக்கும் அமைப்புகள். மற்ற சிக்கலெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

முதல் சிக்கல் தேதி. ஃபிஃபா விண்டோ என்று சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் தேசிய அணி கூப்பிட்டால் கிளப் ஆளை விட்டே ஆக வேண்டும். வெளியே என்றால் கிளப்பின் தயவு. 2023 ஜூன் விண்டோ 20-ஆம் தேதி மூடியது; பெங்களூரு சாஃப் 21-ஆம் தேதி தொடங்கியது. ஒரே நாள்!

இரண்டாவது, யார் வருவார்கள் என்பது. அந்த வருடம் இலங்கை மீது ஃபிஃபா தடை. எட்டு அணி வேண்டுமே, குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்தார்கள். குவைத் இறுதியாட்டம் வரை போய் பெனால்டியில்தான் தோற்றது. பாகிஸ்தான் விசா தாமதமாகி, ஆட்டத்தன்றுதான் பெங்களூருவுக்கு வந்து சேர்ந்தது; அன்று மாலையே இந்தியாவிடம் 0-4. பயணக் களைப்பையும் அந்த ஸ்கோரில் சேர்த்துத்தான் படிக்கணும்.

[திரையில்: 5 × (1 − 0.5) = 2.5]

மூன்றாவது, தரவரிசை. ஃபிஃபா கணக்கில் ஆட்டத்தின் எடையை, கிடைத்த முடிவுக்கும் எதிர்பார்த்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குவார்கள். வெற்றி 1, டிரா 0.5. சம பலமுள்ள அணிக்கு எதிரே எதிர்பார்ப்பும் 0.5. விண்டோவுக்கு வெளியே நடக்கும் சாஃப் ஆட்டத்துக்கு, நட்பு ஆட்டம் மாதிரி எடை வெறும் 5. ஜெயித்தால் 2.5 புள்ளி. இதே வெற்றி உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் என்றால், எடை 25, புள்ளி 12.5. ஷூட் அவுட்டில் ஜெயித்தால் அது முழு வெற்றியாகாது: 0.75-தான். தோற்ற அணிக்கு டிராவுக்குரிய 0.5 அப்படியே நிற்கும். 'சாஃப் சாம்பியன், ஆனாலும் தரவரிசையில் அங்கேயே நிற்கிறதே' என்று கமென்டில் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்தப் போட்டியே வீணா? பெண்கள் பிரிவைப் பாருங்கள். முதல் ஐந்து சாஃப் கோப்பைகளும் இந்தியாவுக்கு. 2022-லும் 2024-லும் காத்மாண்டு இறுதியில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியது வங்கதேசம். ஆசியாவின் பெரிய அணிகள் இவர்களோடு ஆட வரிசையில் நிற்பதில்லை. கோப்பை பணயத்தில் இருக்கும் இறுதியாட்டம் ஆட இவர்களுக்கு வாய்த்த இடம் சாஃப்தான். 2025 ஜூலையில் வங்கதேசப் பெண்கள் முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதுவும் ஏஎஃப்சி தகுதிச்சுற்றில், மியான்மரை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்று.