கேபிள் பின்னல்: கை பழகியவர்களும் தடுமாறும் இடங்கள்

[திரையில்: வெளிர் நிறக் கம்பளித் துண்டு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம்.]

வணக்கம். தென்னாப்பிரிக்கக் குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் விடிந்ததும் புல்லெல்லாம் உறைபனி. டர்பன்காரர்களுக்கு டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போனால்தான் கனத்த ஸ்வெட்டர் தேவைப்படும். எங்கே இருந்தாலும் சரி, நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (புரட்டுக் கண்ணி) இரண்டும் கைக்குப் பழகியவர்களுக்கான வீடியோ இது. அயர்லாந்தின் ஆரன் தீவுகளால் பேர்பெற்ற கேபிள் பின்னலை, அதாவது கண்ணிகளை இடம் மாற்றிக் கயிறு முறுக்கு போல வரவைக்கும் பின்னலைப் பார்ப்போம்.

முதலில் நூல். ஈஸ்டர்ன் கேப் மோஹேர் (அங்கோரா ஆட்டு முடி நூல்) அருமையான சரக்கு. ஆனால் இதற்கு வேண்டாம். அதன் பஞ்சு போன்ற முடி கண்ணிகளை மூடிவிடும். நன்றாக முறுக்கிய, உருண்டையான மெரினோ கம்பளி நூலை வெளிர் நிறத்தில் எடுங்கள். கறுப்பில் பின்னினால் பட்ட பாடு யார் கண்ணிலும் படாது.

[திரையில்: இரண்டு துண்டுகள், நடுவில் அளவு நாடா.]

அடுத்து கணக்கு. சாதாப் பின்னலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறது என்று வையுங்கள். கேபிள் நெருக்கமாக வந்தால் அதே நூலில் 27 ஆகலாம். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி அகலத்தில் ஒடுங்குகிறது. 50 செ.மீ.க்குப் பழைய கணக்கில் 110 கண்ணி போட்டால் 41 செ.மீ.தான் கிடைக்கும், 135 வேண்டும். ஆகவே கேபிளோடு சேர்த்தே 15 செ.மீ. மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். ஜொஹானஸ்பர்க் குளிர்காலக் காற்றில் சீக்கிரம் காயும். டர்பன் ஈரத்தில் பொறுமை வேண்டும்.

ஆறு கண்ணிக் கேபிளுக்குக் கீழே ஆறுக்குப் பதில் நான்கு போட்டு, கேபிள் தொடங்கும் வரிசையில் இரண்டைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அடிவிளிம்பு பாவாடை போல விரியும்.

[திரையில்: கைகள், அருகில்.]

மூன்று கண்ணிகளைக் கேபிள் ஊசிக்கு (கண்ணிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் குட்டை ஊசி) மாற்றி முன்பக்கம் நிறுத்துங்கள். அடுத்த மூன்றை நிட் போட்டு, பிறகு கேபிள் ஊசியில் உள்ளதை நிட் போடுங்கள். முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்பக்கம் நிறுத்தினால் வலப்பக்கம். எது மேலே, எது கீழே என்ற சிக்குக் கோலக் கணக்குத்தான்.

கேபிளின் இடது ஓரக் கண்ணி மட்டும் தொளதொளவென்று நிற்கிறதா? நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் முன்னால் வர வேண்டியிருப்பதால் கூடுதல் நூல் அங்கே தங்குகிறது. நூலை இழுத்துப் பிடித்தும் பெரிதாகச் சரியாகாது. அந்த முதல் பர்லுக்கு மட்டும் நூலை ஊசியில் எதிர்த்திசையில் சுற்றுங்கள். குறைந்த நூலே செலவாகும். அந்தக் கண்ணி திரும்பி உட்கார்ந்திருக்கும். அடுத்த வரிசையில் அதன் பின்காலில் (ஊசிக்குப் பின்னால் உள்ள இழையில்) ஊசியை விடாவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

எட்டு வரிசை தாண்டியபின் ஒரு முறுக்கின் திசை மாறியது தெரிந்தால் முழுவதையும் பிரிக்காதீர்கள். அந்த ஆறு கண்ணிகளை மட்டும் இறக்கி, தவறிய வரிசைவரை அவிழுங்கள். ஏணிப்படி போல நூல்கள் நிற்கும். மூன்றை மூன்றுக்கு இடம் மாற்றி, இரண்டு குட்டை ஊசிகளில், அடிப்படியிலிருந்து வரிசையாகப் பின்னி ஏறுங்கள். ஒரு படியை விட்டாலும் பின்னால் தொங்கும். இடையில் வேறு முறுக்கு வந்தால் அதையும் அந்தந்தப் படியில் மறக்காமல் போடுங்கள். ஓரக் கண்ணிகள் கோணலாகத் தெரிந்தால் ஊசி நுனியால் நீவிவிடுங்கள். மிச்சம் ஒரு நனைப்பில் அடங்கிவிடும்.