மருதாணி சாப்பிடாத வாரங்கள்

நேயர்களே, வணக்கம்.

டாரண்டுலா என்கிற, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியை வளர்ப்பதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, வேறு எதை விட்டாலும் அது சட்டை உரிப்பதற்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். நான் முதன்முதலில் வளர்த்த சிலந்தி, அந்த நாட்களில் நான் செய்த தவறால்தான் செத்தது.

அது மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தி. வளர்ந்து முடியாத குட்டி. கால்களை விரித்தால் ஒரு தீப்பெட்டி அளவு இருக்கும். வாங்கி வந்து நான்கு மாதம் போட்டதையெல்லாம் தின்றது. ஒரு நாள் நிறுத்திவிட்டது. வீட்டில் ஒருவர் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்தால் நாம் சும்மா இருப்போமா? கஞ்சியாவது குடி, ஒரு வாய் ரசம் சாதமாவது சாப்பிடு என்று தட்டோடு நிற்போம். நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு சுவர்க்கோழியைப் போட்டேன். இங்கே கடைகளில் கிரிக்கெட் என்று டப்பாவில் அடைத்து விற்பார்கள். தொடவில்லை. சரி, பெரிதாக இருக்கிறதோ என்று சின்னதாக இன்னொன்று போட்டேன். இரவில் பசித்தால் சாப்பிடட்டும் என்று இரண்டையும் உள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் சிலந்தி மல்லாந்து கிடந்தது. பழைய தோலிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்திருந்தது. நான் அன்போடு போட்ட அந்தச் சுவர்க்கோழி அதன் வயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு டாரண்டுலாவைக் கொல்ல ஒரு சுவர்க்கோழியால் முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். மற்ற நாட்களில் முடியாது. சிலந்திக்கு நம்மைப் போல உள்ளே எலும்பு இல்லை. வெளியே இருக்கும் கெட்டியான ஓடுதான் அதற்கு எலும்பும் தோலும். அந்த ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றி எறிய வேண்டும். பழையதற்கு அடியிலேயே புதிய தோல் மடிந்து மடிந்து உருவாகிக் காத்திருக்கும். கழற்றிய உடனே அது ஈரத் துணி மாதிரி மென்மையாக இருக்கும். நச்சுப்பற்கள்கூடப் புதிதாக, வெள்ளை வெளேரென்று, அழுத்தினால் வளையும் பதத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அதற்கு ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது.

இப்போது என்னிடம் இருப்பவள் மருதாணி. அதே செம்முட்டி இனம். இந்த இனத்தை மெக்சிகோவின் பசிபிக் கடற்கரைப் பக்கம், ஹலிஸ்கோ, கோலிமா, மிச்சோவாகான் மாநிலங்களின் வறண்ட காடுகளில் வளை தோண்டி வாழ்கிற சிலந்தி என்பார்கள். மருதாணி லண்டனில் கூண்டில் பிறந்தவள். நகத்தின் அளவில் வந்தாள். அப்போது வெறும் பழுப்பு நிறம். நான்கைந்து சட்டை கழிந்த பிறகுதான் முட்டிகளில் சிவப்பு ஏறியது. அதைப் பார்த்துவிட்டு என் மகள் வைத்த பெயர் அது. குட்டியாக இருந்தபோது ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டை உரித்தாள். இப்போது உள்ளங்கை நிறையும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஒன்றரை ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் உரிக்கிறாள். இந்த இனத்தில் பெண் 25 ஆண்டுக்கு மேல்கூட வாழும். ஆணுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. பருவத்துக்கு வந்த கடைசிச் சட்டைக்குப் பிறகு ஓர் ஆண்டு, கொஞ்சம் கூடக் குறைய, அவ்வளவுதான்.

சரி, சட்டை உரிக்கப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் அடையாளம் சாப்பாட்டை மறுப்பது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சிலி நாட்டு ரோஸ் டாரண்டுலா போன்றவை ஒரு காரணமும் இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வயிறு ஒட்டாமல் உருண்டையாக இருக்கும்வரை அதனால் ஆபத்து இல்லை. உறுதியான அடையாளம் அதன் வயிற்றில்தான் தெரியும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரண்டுலாக்கள் பெரும்பாலும் பயந்தால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தைத் தேய்த்து உதிர்க்கும். அதனால் அங்கே ஒரு வழுக்கை விழுந்திருக்கும். மற்ற நாட்களில் அந்த வழுக்கை வெளிர் பழுப்பாக இருக்கும். சட்டை நெருங்க நெருங்க அது கருத்துக்கொண்டே வரும். உள்ளே புதுத் தோலில் முளைத்துத் தயாராக இருக்கும் கறுப்பு ரோமம்தான் பழைய தோல் வழியாக அப்படித் தெரிகிறது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுப்பதே இல்லை. ஓர் உயிருக்குள் அதே உயிர் இன்னொரு முறை உருவாகி நிற்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறோம்.

வழுக்கை இல்லாத சிலந்தி என்றால் நிறம் மங்கி, தூசி படிந்த மாதிரி தெரியும். நடை குறையும். ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கும். கடைசி நாட்களில் தரையில் பாய் விரித்தது போல அடர்த்தியாக வலை பின்னும். சில சிலந்திகள் வளையின் வாயை மண்ணும் வலையும் கொண்டு அடைத்துவிடும்; அப்படி அடைத்தால் தோண்டிப் பார்க்க வேண்டாம், உள்ளே என்ன நடக்க வேண்டுமோ அது நடந்துகொண்டிருக்கும்.

வழுக்கை கருக்கத் தொடங்கியதும் நான் உணவை நிறுத்திவிடுவேன். ஒரே ஒரு பூச்சியைக்கூடப் போட்டுச் சோதித்துப் பார்ப்பதில்லை. கருக்கிறதா இல்லையா என்று சந்தேகமான நாட்களில் போட்டால், பக்கத்திலேயே இருந்து பார்த்து, தொடவில்லை என்றால் இடுக்கியால் எடுத்துவிடுவேன். எப்போதுமே, தின்னாத பூச்சி தொட்டிக்குள் ஓர் இரவு தங்கக் கூடாது. மாவுப்புழு போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். எல்லாம் மறந்து நாம் நிம்மதியாக இருக்கும் நாளில் மேலே வரும். தலையை நசுக்கிவிட்டுப் போடுவது நல்லது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் சிலந்தியின் உயிர் அதில் இருக்கிறது.

இந்த விரதத்தைத் தாங்கும் தெம்பு முன்னால் தின்றதிலிருந்துதான் வருகிறது. அதற்காக முன்கூட்டியே திணிக்கவும் கூடாது. வளர்ந்த பெண்ணுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு பெரிய சுவர்க்கோழியோ டூபியா கரப்பானோ போதும். குட்டிக்கு வாரம் இரண்டு முறை, அதன் வயிற்றைவிடச் சின்னப் பூச்சியாகப் பார்த்துக் கொடுங்கள். மருதாணியின் வயிறு தலைப்பகுதியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு மேல் ஊதினால் ஒரு வாரம் தள்ளிப் போடுவேன். வயிறு பெருத்த சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துபோகும். அதனால்தான் தரையில் வாழும் இனங்களுக்கு உயரமான தொட்டி வைக்கக் கூடாது என்கிறோம். தொட்டியில் தென்னை நார்க்கழிவை நிறையக் கொட்டி, மேலே மூடிக்கும் தரைக்கும் நடுவே அதன் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் விடாமல் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பிடித்த பூச்சியை எந்த நாளிலும் கொடுக்காதீர்கள். யாருடைய தோட்டத்து மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

சாப்பாட்டை நிறுத்தினாலும் தண்ணீரை நிறுத்தவே கூடாது. பழைய ஓட்டைப் பிளப்பதும், அதிலிருந்து கால்களை உருவுவதும் உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் நடக்கிறது. நீர் வற்றிய சிலந்தி பாதியில் மாட்டிக்கொள்ளும். லண்டன் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துவிடும். தொட்டியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்து, வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நமக்கு ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடிகிற அறைச் சூடு அதற்கும் போதும். அகலமான, ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அதற்குள் ஸ்பாஞ்ச் போட வேண்டாம், கிருமிதான் வளரும். நான் கிண்ணத்தைக் கொஞ்சம் வழியவிட்டு ஒரு மூலை நார்க்கழிவை மட்டும் ஈரமாக வைப்பேன். வறண்ட காட்டு இனம் என்பதால் தொட்டி முழுவதையும் நனைப்பதில்லை. சிலந்தியின் மேல் தண்ணீர் தெளிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

இந்த நாட்களில் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையும் வேண்டாம். அதன் வலைப்பாயில் அரிக்கும் ரோமங்கள் பதிந்திருக்கும். 2009 இல் லீட்ஸ் நகரத்தில் ஒருவர் தன் சிலி நாட்டு டாரண்டுலாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது ரோமத்தை உதிர்த்தது. கண் சிவந்து, நாள்பட ஆறாமல் மருத்துவமனைக்குப் போனார். கருவிழியில் அந்த மயிரிழைகள் குத்தி நிற்பதை மருத்துவர்கள் கண்டார்கள். மற்ற நாட்களில் சுத்தம் செய்யும்போதும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் அது மல்லாந்து படுக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் பூச்சி போயிட்டுதடா, பிள்ளைக்குத் தெரியிறதுக்குள்ள எடுத்துப் புதைச்சிடு" என்று சமையலறையில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். செத்த டாரண்டுலா பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது. நின்ற நிலையிலேயே கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும். சிலந்தியின் காலில் இரண்டு பெரிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை கிடையாது. திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தமும் போய்விடும், கால் சுருண்டுவிடும். மல்லாந்து, கால்கள் தளர்ந்து விரிந்திருந்தால் அது வேலையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தொடாதீர்கள், திருப்பாதீர்கள், ஊதிப் பார்க்காதீர்கள். தொட்டியை நகர்த்தக்கூட வேண்டாம். விளக்கைக் குறைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். முதலில் தலைப்பகுதியின் மேலோடு சம்புடத்து மூடி போலத் திறந்தது. அப்புறம் வயிற்றின் பக்கவாட்டுத் தோல் கிழிந்து சுருண்டது. எட்டுக் கால்களும் கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல, கொஞ்சம் இழுப்பதும் கொஞ்சம் ஓய்வதுமாக வந்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா பாதியில் எழுந்து போய்ப் பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்பவர் போல நடந்துகொண்டிருந்தார். ஏதாவது ஒரு கால் மட்டும் வெகு நேரம் சிக்கினால், நனைத்த மெல்லிய தூரிகையால் சிக்கிய இடத்தை மட்டும் ஈரப்படுத்தலாம். இழுக்கக் கூடாது. கால் போனால்கூட அடுத்தடுத்த சட்டைகளில் முளைத்துவிடும்.

கழற்றிய சட்டையை உடனே எடுக்காதீர்கள். சிலந்தி எழுந்து தள்ளிப் போகட்டும். அதில் பழைய நச்சுப்பற்களும், உறிஞ்சும் வயிற்றின் உள்தோலும், புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காக இருப்பதால் புத்தக நுரையீரல் என்று சொல்லும் மூச்சு உறுப்பின் உள்தோலும்கூட இருக்கும். காய்வதற்குள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, வயிற்றுப் பகுதியின் உள்பக்கத்தை லென்ஸில் பார்த்தால், விந்தைச் சேமிக்கும் பை இருக்கிறதா என்று தெரியும். மருதாணி பெண் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சட்டை கழிந்த பிறகு அவளுக்குப் பசி இருக்கும், ஆனால் பல் இருக்காது. வெள்ளைப் பல் சிவந்து, பிறகு கறுக்க வேண்டும். குட்டிக்கு நான்கைந்து நாள், வளர்ந்தவளுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம். அதுவரை தண்ணீர் மட்டும்தான். முதல் சாப்பாடு சின்னதாக இருக்கட்டும்.

நேயர்களில் யாராவது, நம் ஊர்ச் சிலந்தியைப் பிடித்து வளர்க்கலாமா என்று நினைத்தால் ஒரு வார்த்தை. இலங்கையில் புலிமுகச் சிலந்தி என்று சொல்லும் மரத்து டாரண்டுலாக்களின் பேரினம், இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறு எங்கும் இயற்கையில் கிடையாது. ராமேசுவரத்தின் கோயில் காடு ஒன்றில் கண்டு 2004 இல் விவரிக்கப்பட்ட இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2012 இல் இலங்கையின் வடக்கிலிருந்து ஒன்றைப் புதிய இனமாக விவரித்தார்கள். 2019 இல் இந்தப் பேரினம் முழுவதையும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவற்றின் கடியில் நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரும். அவை மரப்பொந்திலேயே இருக்கட்டும்.

மருதாணி இப்போது ஒன்பது வாரமாகச் சாப்பிடவில்லை. வழுக்கை கரியாகக் கருத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வளைக்கு வெளியே பாய் விரிக்கத் தொடங்கினாள். அம்மா நேற்று போனில், அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்டார். இங்கே கிளம்பும் முன் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வணக்கம்.