ரெண்டு ரூபா கூலிங் சார்ஜும் எங்க தெரு மானமும்

ஹாய் மக்களே, எப்படி இருக்கீங்க. சவுண்ட் சரியா கேக்குதான்னு தெரியல... இருங்க, ஃப்ளைட் ஒண்ணு போகட்டும்... ம்ம், போயிடுச்சு. இதான் எங்க வீட்டு மொட்டமாடி, அனகாபுத்தூர். ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கறதால பத்து நிமிஷம் பேசினா மூணு நாலு தடவை இப்படித்தான் ஆகும், அதையெல்லாம் உக்காந்து கட் பண்ண எனக்குப் பொறுமை இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

இன்னைக்கு பால் பாக்கெட்டுக்கு மேல ஏத்தி வாங்கற ரெண்டு ரூபா மேட்டர். சிரிக்காதீங்க, நிஜமாவே ரெண்டு ரூபாதான்.

அதுக்கு முன்னாடி, ஆஃபீஸ்ல ஒருத்தன் என்னை எப்பவும் ஓட்டுவான், "ஏன்டா சென்னைலயே பொறந்து வளர்ந்துட்டு வாயத் திறந்தா எங்க ஊரு எங்க ஊருன்னு சொல்ற"ன்னு. அவன் வீடு மயிலாப்பூர், அவனுக்குப் புரியாது. எங்க அட்ரஸ்ல சென்னை 600070ன்னுதான் இருக்கு, ஆனா எங்கம்மா இன்னிக்கும் தி.நகருக்குக் கிளம்பினா "மெட்ராஸ் போயிட்டு வரேன்"னுதான் சொல்லுவாங்க. 2021ல பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாத்தையும் தாம்பரத்தோட சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க, மொத்தம் 70 வார்டு, போர்டெல்லாம் மாத்தினாங்க, அவ்ளோதான். எங்க தாத்தா காலத்துல இது தறி ஊரு, மெட்ராஸ் கைக்குட்டைன்னு பேரு ஆனா கைக்குட்டையெல்லாம் இல்ல, கட்டம் போட்ட பெரிய துணி, அதை இங்க நெய்து நைஜீரியா வரைக்கும் அனுப்பினாங்க. இப்போ தறி சத்தம் கேக்கணும்னா தேடிப் போகணும், கொஞ்சம் பேரு வாழைநார்ல புடவை நெய்யறாங்க. ஆனா அந்தத் தறிக்காரத் தெருவோட பழக்கம் அப்படியே இருக்கு, யாரு வீட்ல என்ன குழம்புன்னு நாலு வீட்டுக்குத் தெரியும்.

இதுல பிரச்சினை என்னன்னா, சிட்டிக்குள்ள ஒருத்தன் ராங் சைடுல வந்து இடிக்கிற மாதிரி போனா நல்லா வாய் நிறைய திட்டலாம், அவன் யாரோ நாம யாரோ. இங்க ராங் சைடுல வர்றவன் என் கூட ஒன்பதாவது படிச்சவன், "டேய் மச்சி"ன்னு கை வேற காட்டிட்டுப் போறான், நானும் பல்லக் காட்டிட்டு வரேன். ஆடி மாசம் விடியக்காலைல நாலரைக்கு ஸ்பீக்கர் அலறுதா, அந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன்தான் எங்க அக்கா கல்யாணத்துக்கு பாதி காசுல செட் போட்டவரு. காலி மனைல குப்பை கொட்டுற அக்காதான் எங்கம்மாவுக்கு கால் உடைஞ்சப்போ ஒரு மாசம் சோறு கொண்டு வந்தவங்க. யாரைப் போய் என்னன்னு கேக்கறது? கோவம் வருது, மூஞ்சியப் பாத்ததும் தொண்டையிலயே நின்னுடுது.

சரி பால் மேட்டருக்கு வரேன். ஆவின் நீல பாக்கெட், அரை லிட்டர், மேலயே 20 ரூபான்னு பிரிண்ட் பண்ணிருக்கு. எங்க தெருமுனை அண்ணாச்சி கடைல 22. கேட்டா கூலிங் சார்ஜாம். அதாவது பாலை ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுக்கு காசு. பின்ன பாலை என்ன வெயில்லயா வைப்பாங்க? 2021 மே மாசம் கவர்மென்ட்ல லிட்டருக்கு 3 ரூபா குறைச்சாங்கல்ல, ஞாபகம் இருக்கா, அப்போ அரை லிட்டருக்கு ஒன்றரை ரூபா குறைஞ்சுது. அண்ணாச்சி ஏத்தறது ரெண்டு ரூபா. குறைச்சதும் போச்சு, மேல அம்பது காசும் போச்சு. எங்க வீட்டுக்கு தினம் ரெண்டு பாக்கெட், ஒரு நாளைக்கு நாலு ரூபா, வருஷத்துக்குப் போட்டுப் பாத்தா 1,460 ரூபா. ஒரு கேஸ் சிலிண்டரே வாங்கிடலாங்க.

மாசக் கார்டு போட்டா இன்னும் கம்மியா கிடைக்கும்னு எனக்கும் தெரியும், ஆனா அதுக்கு பூத்துக்கு காலங்காத்தால போகணும், நான் எழுந்திருக்கறதே எட்டு மணிக்கு, அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

போன மாசம் ஒரு நாள், என்ன மூடுல இருந்தேன்னு தெரியல, முந்தின நாள் நைட்டு பல்லாவரம் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு ஆட்டோக்காரர் 200 கேட்டாரு, 2013ல போட்ட ரேட்டுப்படி மொத 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12, அஞ்சு கிலோமீட்டர்னு வச்சா கூட 63 ரூபா 40 காசுதான் வரும், அவருகிட்ட பேசாம 200 குடுத்துட்டு வந்தேன், அந்தக் கடுப்பெல்லாம் சேர்ந்து காலைல அண்ணாச்சி மேல இறங்கிடுச்சு. "அண்ணாச்சி, எம்ஆர்பிக்கு மேல விக்கக் கூடாது, லீகல் மெட்ராலஜி சட்டம் இருக்கு, 1915க்கு ஃபோன் போட்டா கம்ப்ளைன்ட் எடுப்பாங்க"ன்னு கடகடன்னு பேசிட்டேன். கடைல ஆறு பேரு. அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லல. "கரன்ட் பில்லு நீங்களா தம்பி கட்டுறீங்க"ன்னு மட்டும் மெதுவா கேட்டாரு. நான் 40 ரூபாயை எண்ணி வச்சுட்டு ரெண்டு பாக்கெட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன். மனசுக்குள்ள ஒரே மாஸ் பிஜிஎம்.

பிஜிஎம் வீட்டு வாசப்படி வரைக்கும்தான். ராத்திரிக்குள்ள தெரு பூரா பரவிடுச்சு, "உங்க புள்ள ரெண்டு ரூபாய்க்கு அண்ணாச்சியை போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்னானாமே"ன்னு. போலீஸுங்கற வார்த்தை என் வாயிலயே வரலங்க, அது நாலாவது வீட்ல ஆட் ஆனது. எங்கம்மா என்கிட்ட பேசல. தட்டுல தோசையை வச்சுட்டு சுவத்தைப் பாத்து பேசறாங்க, "2015 டிசம்பர்ல வெள்ளம் வந்தப்போ என்ன நடந்துதுன்னு சில பேருக்கு மறந்து போச்சு போல"ன்னு.

மறக்கல. செம்பரம்பாக்கம் ஏரில விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க, அடையாத்துக் கரைல இருக்கற நாங்கெல்லாம் மாடியில உக்காந்திருந்தோம், சென்னைல பல இடத்துல ஒரு பாக்கெட் பால் 100 ரூபாய்க்கு வித்தாங்க. அண்ணாச்சி இடுப்பளவு தண்ணில தலைமேல கிரேட்டை வச்சு கொண்டு வந்து, பாக்கெட்ல போட்டிருந்த ரேட்டுக்குத்தான் குடுத்தாரு, அதுவும் கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு முதல்ல. நானே பாத்தேன். அப்போ எங்க போச்சு கூலிங் சார்ஜ்? ஃப்ரிட்ஜே தண்ணில மிதந்துது, அது வேற விஷயம். ஆனா அதுக்காக ஆயுசுக்கும் ரெண்டு ரூபா குடுக்கணுமான்னு அம்மாகிட்ட கேட்டேன், "குடுத்தா என்ன கொறைஞ்சு போயிடுவ"ன்னு எழுந்து போயிட்டாங்க. எனக்கு இன்னமும் பதில் தெரியல, வெள்ளத்துல குடுத்ததும் அதே கைதான், இப்போ ரெண்டு ரூபா எடுக்கறதும் அதே கைதான்.

அடுத்த நாள் தயங்கித் தயங்கி கடைக்குப் போறேன். அண்ணாச்சி என்னைப் பாத்ததும் ஒரே சிரிப்பு. கடைப் பையனைக் கூப்பிட்டு சத்தமா சொல்றாரு, "ஏலே, நம்ம தம்பிக்கு மட்டும் இருபது ரூபா போடு, நம்ம வீட்டுப் புள்ள"ன்னு. எனக்கு மட்டுமாம்! என் பின்னாடி நின்ன அக்கா, வீட்டு வேலைக்குப் போறவங்க, கைல கரெக்டா 22 ரூபா சில்லறையா எண்ணி வச்சிருக்காங்க. என்னை ஒரு தடவை பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, காசை வச்சுட்டு பாலை வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் அங்கயே "எல்லாருக்கும் இருபது போடுங்க"ன்னு சொல்லிருக்கணும். சொல்லலங்க. 40 ரூபாயைக் குடுத்துட்டு வந்துட்டேன். அண்ணாச்சி கெட்டிக்காரரு, சண்டையே போடாம என் வாயை நாலு ரூபாய்ல அடைச்சுட்டாரு.

அன்னைலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல. பம்மல் மெயின் ரோட்டுல வேற ஒரு கடை, வண்டி எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வரேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது.

அங்க ஒரு பாக்கெட் 23. பேசாம குடுத்துட்டு வரேன்.

இருங்க, அம்மா கீழேர்ந்து கூப்பிடறாங்க, பால் தீந்துடுச்சாம். பை மக்களே.