சும்மா கிடைக்கும் மென்பொருளைக் கடையில் காசுக்கு விற்கலாமா?

வணக்கம் நண்பர்களே. இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன்: "எங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ், விஎல்சி, கிம்ப் எல்லாம் போட்ட டிவிடியை 250 ரூபாய்க்கு விற்கிறார்கள். இணையத்தில் சும்மா கிடைப்பதைக் காசுக்கு விற்பது ஏமாற்று வேலை இல்லையா? யாரிடம் புகார் செய்வது?"

லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் போல ஓர் இயக்குதளம். மற்றவை ஆவணம் எழுத, வீடியோ பார்க்க, படம் திருத்த உதவும் மென்பொருள்கள். நண்பர் கோபமாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மென்பொருள்களைத் தன்னுடையதாக நினைப்பவருக்குத்தான் இப்படிக் கோபம் வரும். ஆனால் 250 ரூபாய் என்ற விலையிலேயே அவர் நின்றுவிட்டார், அதுதான் என் குறை.

விற்கலாம். தாராளமாக விற்கலாம். ஜிபிஎல் என்பது, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று மென்பொருளை எழுதியவர்கள் தரும் உரிமம். அதைப் பற்றிய என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸ் என்ற, நிரல் எழுத உதவும் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். நெட்வொர்க் வசதி உள்ளவர்கள் காசில்லாமல் இறக்கிக்கொண்டார்கள், இல்லாதவர்கள் டேப் வாங்கினார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வேலையை விட்டிருந்த அவருக்கு அது ஒரு வருமானம்.

லினக்ஸ் இயக்குதளத்தின் கதை இன்னும் சுவையானது. 1991இல் அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதல் பதிப்பை வெளியிட்டபோது, இதைக் காசு வாங்கிக்கொண்டு யாரும் கொடுக்கக் கூடாது, பிரதி எடுக்கும் செலவைக்கூட வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். கும்பகோணத்து நண்பர் கேட்பது போலத்தான். ஆனால் பிளாப்பி வாங்கி, உட்கார்ந்து பிரதி எடுத்து, நாலு பேருக்குக் கொடுக்கிற ஆள் ஒவ்வொரு முறையும் கைக்காசையா போடுவார்? 1992 தொடக்கத்திலேயே லினஸ் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு ஜிபிஎல்லுக்கு மாறினார். அப்புறம்தான் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக் சிடிராம் போன்ற நிறுவனங்கள் ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் வகையைச் சிடியில் போட்டு விற்க முடிந்தது. சிடி விற்ற பணத்தில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற இயக்குதளத் திட்டத்துக்கும் அந்த நிறுவனம் கைகொடுத்தது.

நம் நாட்டில் 1996இல் பிசிகுவெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சிடியை இணைப்பாகக் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். பத்திரிகைக்குக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? இளைய நண்பர்களுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சிடி 700 எம்பி. அன்றைய டயல்-அப் மோடம் 56 கேபிபிஎஸ் வேகத்தில் கொஞ்சமும் குறையாமல் ஓடினாலும் அதை இறக்க 29 மணி நேரம் ஆகும். நிஜத்தில் அந்த வேகம் வரவே வராது. நடுவில் லைன் கட்டாகும், போன் பில் எகிறும், வீட்டில் யாரும் போன் பேச முடியாது. "சும்மா கிடைக்கிறது" என்பது யாருக்குச் சும்மா என்பதைப் பொறுத்தது.

சென்னை ரிச்சி தெருவில் 2008 வாக்கில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் உபுண்டு 8.04 என்ற லினக்ஸ் சிடி விற்றுக்கொண்டிருந்தார். அச்சடித்த உறை எல்லாம் கிடையாது. வெள்ளைச் சிடியில் மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதியிருப்பார். கேட்டால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, திரையில் உபுண்டு வருவதைக் காட்டிய பிறகுதான் கையில் கொடுப்பார். "வீட்டுக்குப் போய் ஓடலேன்னா கொண்டு வாங்க, வேற எழுதித் தரேன். நீங்க எத்தனை காப்பி வேணும்னாலும் போட்டுக்குங்க" என்பார். இவர் வாங்கிய காசு தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சோதித்துக் காட்டினார், கெட்டால் மாற்றித் தருகிறேன் என்றார், வாங்கியவரின் உரிமையையும் வாயால் சொல்லிக் கொடுத்தார்.

அதே காலத்தில் வேறு ஓர் ஊரில் ஒரு கடையில் ஒரு சிடி வாங்கினேன். பளபளவென்று உறை, மேலே ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் படம், கீழே பொடி எழுத்தில் "பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்". ஏதோ ஒரு சீரியல் நம்பர் ஸ்டிக்கர் வேறு. வீட்டில் போட்டுப் பார்த்தால் உள்ளே உரிமக் கோப்பு அப்படியே இருக்கிறது. யாரும் பிரதி எடுக்கலாம், கொடுக்கலாம், மாற்றலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. உறை ஒன்று சொல்கிறது, உள்ளே வேறு இருக்கிறது. விலை முதல் கடையைவிடக் குறைவுதான். ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். ஊரார் உழைத்து எல்லோருக்கும் என்று வைத்ததை, வாங்குகிறவருக்குத் தெரியாமல் பூட்டிவிட்டார்கள். அதைத்தான் ஏமாற்று வேலை என்பேன்.

நான் அடிக்கடி சொல்வதுதான், திரும்பவும் சொல்கிறேன். காசு வாங்குவதைப் பார்க்காதீர்கள். வாங்கியவரின் கையைக் கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

பாரதியார் படைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் சென்னை மாகாண அரசு அவற்றின் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. இன்று எந்தப் பதிப்பகமும் பாரதி கவிதைகளை அச்சிட்டு விற்கலாம். மலிவுப் பதிப்பும் இருக்கிறது, கெட்டி அட்டைப் பதிப்பும் இருக்கிறது. "பொதுச் சொத்தை எப்படி விற்கலாம்?" என்று நாம் கடையில் சண்டை போடுவதில்லை. தாளுக்கும் அச்சுக்கும் பிழை திருத்தியவர் உழைப்புக்கும் கொடுக்கிறோம். ஆனால் ஒரு பதிப்பகம் இந்தக் கவிதைகளை இனி வேறு யாரும் அச்சிடக் கூடாது என்று முன் பக்கத்தில் போட்டால் விடுவோமா?

கடைக்காரர்களுக்கு ஒரு கடமையும் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. ஜிபிஎல் 2ஆம் பதிப்பின்படி, இயங்கும் நிரலை விற்பவர் மூலநிரலையும், அதாவது மனிதர்கள் படித்து மாற்றக்கூடிய சோர்ஸ் கோடையும், கூடவே தர வேண்டும். இல்லாவிட்டால், யார் கேட்டாலும் தருகிறேன் என்று குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் உறுதியை எழுதித் தர வேண்டும். அதற்குப் பிரதி எடுத்து அனுப்பும் செலவை மட்டும் வாங்கலாம், லாபம் வைக்கக் கூடாது. காசில்லாமல் நண்பருக்குக் கொடுப்பவருக்கு இதில் சலுகை உண்டு, வியாபாரிக்கு இல்லை. 2007இல் வந்த 3ஆம் பதிப்பில், மூலநிரலைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ள இணைய முகவரியை எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று வழி இருக்கிறது. டிவிடி உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிற வேலைதான்.

இன்னொன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகாது. இலவச ஆன்டிவைரஸ்கள் பலவற்றை நீங்கள் பயன்படுத்தலாம், டிவிடியில் போட்டு விற்க அனுமதி இல்லை. எழுத்துருக்களில் வேறு கணக்கு. தமிழ் எழுத்துருக்கள் பலவும் இருக்கும் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். பெயரும் அப்படித்தான். ரெட் ஹாட் என்ற நிறுவனத்தின் லினக்ஸைப் பிரதி எடுத்து விற்ற சீப்பைட்ஸ் என்ற அமெரிக்கக் கடை, ரெட் ஹாட் என்ற வணிகப் பெயரைப் போட முடியாமல் 'பிங்க் டை' என்று பெயர் வைத்து விற்றது. மென்பொருள் எல்லோருக்கும் உரியது, பெயர் அவர்களுக்கு உரியது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமா என்றால், இல்லை. 2006 வாக்கில் பிரிட்டனில் வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அதிகாரி ஒருவர், ஒரு கடை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் சிடி விற்பதைப் பிடித்துவிட்டு, அதை உருவாக்கும் மொசில்லாவுக்கு எழுதினார். விற்கட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. அந்த அதிகாரியால் நம்பவே முடியவில்லை. நீங்களே இப்படி அனுமதித்தால் நாங்கள் திருட்டுச் சிடிகளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். மென்பொருள் என்றால் பூட்டித்தான் இருக்கும் என்று சட்டத்தைக் காக்கிறவர்களே பழகிவிட்டார்கள்.

நண்பர் இதைக் கேட்டிருக்கலாம் என்று நான் நினைக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. அதே தெருவில் 300 ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தரும் கடைகள் எத்தனை? அங்கே யாரும் புகார் எழுதுவதில்லை. ஒழுங்கான உரிமத்தோடு விற்கிற ஒருவர் மீது மட்டும் ஏன் கோபம்? அப்புறம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரதி எடுத்துக் கொடுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எத்தனை பேர் எடுத்துக் கொடுத்தோம்? சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இதைச் செய்து வருகிறது. நாம் கொடுக்காத இடத்தில்தான் கடைக்காரர் விற்கிறார்.

அதனால் நண்பரே, புகார் வேண்டாம். கடைக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். இதைப் பிரதி எடுக்கலாமா, மூலநிரல் எங்கே கிடைக்கும், ஓடவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா. ஒழுங்காகப் பதில் சொன்னால் ஒரு டிவிடி வாங்குங்கள், உங்கள் தெருவுக்கே பிரதி போட்டுக் கொடுங்கள். உறையில் பிரதி எடுக்கக் கூடாது என்று இருந்தால், உள்ளே இருக்கும் உரிமக் கோப்பைத் திறந்து அவருக்கே காட்டுங்கள். அநேகமாக அவரே படித்திருக்க மாட்டார். அதற்கும் மசியவில்லை என்றால் உறையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு நானே எழுதுகிறேன்.

சரி, அடுத்த கேள்வி திருநெல்வேலியிலிருந்து. பழைய லேப்டாப், 2 ஜிபி ராம், எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.