நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு அலைக் கணக்கைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர்களே, ஆய்வகத்தை இரவிலும் திறந்து வைத்த உதவியாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்: நாரைப் பிசினில் இறுக்கிச் செய்யும் கூட்டுப்பொருளில் ஒலி ஓடும் விதம், அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, அதாவது சிமுலேஷன், ரெசின் என்கிற அந்தப் பிசின் ஒலியை விழுங்குவது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்." எங்கள் வேலைக்கென்றே சொல்லிவைத்த மாதிரி இருக்கிறது. சாதாரண அலுமினியத் தகட்டில் ஒலி எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே வேகம்தான், பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்கள், அதாவது மீட்சி மாறிலிகள், இரண்டு தெரிந்தால் போதும். கார்பன் நாரை ஒரே திசையில் அடுக்கி ரெசினில் இறுக்கிய தகட்டில், நார் வழியே நொடிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் பாயும் அலை குறுக்கே 3 கிலோமீட்டர்தான் போகும். மாறிலியும் 5 வேண்டும். சாய்வாக அனுப்பினால் அலைமுகம், அதாவது அலையின் முன்விளிம்பு, ஒரு பக்கம் பார்க்கும், ஆற்றல் நார்ப் பக்கம் ஒதுங்கிவிடும்.

ஒரு நாரின் தடிமன் சுமார் 7 மைக்ரான், 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமோ மில்லிமீட்டர் கணக்கு. அதனால் நார் நாராக வரைய வேண்டாம். திசைக்குத் திசை குணம் மாறும் ஒரே பொருளாக வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே மெதுவான அலையின் நீளத்துக்குள் பத்துப் புள்ளியாவது விழுகிற மாதிரி மெஷ், அதாவது கணக்குப் போடும் புள்ளிகளின் வலை, போட்டால் சரி.

இனி நடந்த கதை. ஒரு சதுரத் தகட்டின் நடுவில் அதிர்வுச் சில்லை ஒட்டினோம், வலப்பக்கம் ஒரு சென்சார், மேல்பக்கம் ஒரு சென்சார். வலப்பக்கம்தான் அலை முதலில் வரும் என்றது சிமுலேஷன். சோதனையில் மேல்பக்கம் முதலில் வந்தது. மெஷ்ஷை நுணுக்கினோம், நேரப்படியைப் பாதியாக்கினோம், பசையைச் சுரண்டிவிட்டு சென்சாரை மறுபடி ஒட்டினோம், மூன்று வாரம் போனது. ஒரு ராத்திரி, கூட இருந்த மாணவி சிமுலேஷன் தந்த அலைமுகப் படத்தைத் தாளில் எடுத்துத் தகட்டின் மேல் வைத்தார். நீள்வட்டம் மாதிரி நீண்ட வடிவம். தாளைக் கால் திருப்பு திருப்பினார், அப்படியே பொருந்தியது! தகடு செய்தவருக்கு 0 டிகிரி என்றால் நீளவாக்கு, சிமுலேஷனுக்கு உள்ளீட்டுக் கோப்பு எழுதியவருக்கு அகலவாக்கு. கணக்கில் யாரும் தப்புச் செய்யவில்லை. அன்றைக்கு எங்களிடம் வண்ணப்படம் மட்டும் இருந்து கோப்பு இல்லாமல் போயிருந்தால் எதைத் தீர விசாரித்திருப்போம்?

படத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு மாறிலிகளையும் அடுக்கு வரிசையையும் எந்த அச்சிலிருந்து கோணம் என்பதையும் சொல்லாமல் விடும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. துறைத் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்: உள்ளீட்டுக் கோப்பு இணைக்காத சிமுலேஷன் அறிக்கையை இந்த ஆண்டிலிருந்து வாங்காதீர்கள். முதல் கோப்பாக அந்தத் தகட்டின் கோப்பையே கொண்டுவந்திருக்கிறேன், தப்பான கோணத்தோடும் திருத்தியதோடும். ரெசினைப் பற்றி அப்புறம் பேசுவோம். நன்றி, வணக்கம்.