நெட்டி முறிக்க எவ்வளவு கொடுக்கலாம்?

வணக்கம் நேயர்களே. பினாங்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் போன காணொளியில் பேசியதிலிருந்து, பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: "அண்ணா, முதுகு வலிக்குக் கைரோபிராக்டரிடம் போகலாமா?"

போகலாம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, திருப்பி வைத்தியம் செய்பவர்தான் கைரோபிராக்டர். ஆனால் அந்த 'டொக்' சத்தத்துக்காகப் போகாதீர்கள். கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, 'டொக்' என்று ஒரு சத்தம், படுத்திருப்பவர் கண் கலங்கிச் சிரிக்கிறார். விலகிய எலும்பு சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாகிற சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதேதான். அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

இந்த வைத்தியம் முதுகு வலியில் தொடங்கியதுகூட இல்லை. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி, அவருக்குக் காது கேட்க வைத்ததாகச் சொல்லிக்கொண்டார். காதுக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைப்பது, மசாஜ் ஆகியவற்றோடு இந்த முதுகெலும்புக் கைச்சிகிச்சைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பல வழிகளில் ஒரு வழி, அவ்வளவுதான். அதே வழிகாட்டி இடுப்புப் பட்டை வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம் என்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது இடுப்பில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்போது என் மோட்டாரைப் பாருங்கள். கேமராவைக் கீழே இறக்குகிறேன். எல்லார் வீட்டிலும் நிற்கும் அதே கப்சாய்தான், சின்ன மோட்டார் சைக்கிள். இந்த சீட்டை விரலால் அழுத்துகிறேன், தெரிகிறதா? பஞ்சு அமுங்கிப்போய், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் விரலில் இடிக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த கறை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவர் 13.5 கிலோமீட்டர் பாலத்தை இதன் மேல் உட்கார்ந்துதான் கடக்கிறார். 2019-லிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, ஆகவே நிற்கவும் வேண்டியதில்லை. நடுப்பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது தோள் தானாகவே காது வரை ஏறிவிடும். பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பிறகு மறுபடியும் அதே சீட்.

இந்த முதுகை எவர் அழுத்திவிட்டாலும் அன்று மாலை லேசாக இருக்கும். அதில் சந்தேகமே இல்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓர் அம்மா கோடாலித் தைலம் போட்டு நீவிவிடுவார், அவரிடம் போய் வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் இதே பஞ்சில்லாத சீட்டில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? எனவே முதலில் சீட்டை மாற்றுங்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். ஐசி என்கிற அடையாள அட்டை, லைசென்ஸ், என்றோ பெட்ரோல் ஊற்றிய ரசீதுகள் எல்லாம் சேர்ந்து இரண்டு விரல் தடிமன் இருக்கிறது. அதன் மேல் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு இடுப்பிலிருந்து கால் வரை மரத்துப்போகிறது என்றால் எப்படி? வேலையிடத்தில் இறங்கியவுடன் பாரம் தூக்காதீர்கள், ஐந்து நிமிடம் நடங்கள்.

எனக்குக் கோபம் வருவது பேக்கேஜ் விற்பவர்கள் மீது. ஓர் இடத்தில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "ஒரு கால் குட்டை" என்றார்கள். உடனே எக்ஸ்ரே எடுக்கவேண்டும், வாரத்துக்கு மூன்று முறை வரவேண்டும், முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் தள்ளுபடி. கால் நீளத்தில் சிறு வித்தியாசம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் ஐயா! என் வேலை என்ன, எப்படிப் போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பின்னர் பார்த்தவர் வேறு மாதிரி. கேள்வி கேட்டே பாதி நேரம் போனது. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், படுத்த நிலையில் காலை உயர்த்தச் சொன்னார், பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் கை வைத்தார். போகும்போது இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து, "குறையவில்லை என்றால் வாருங்கள், குறைந்தால் வரவேண்டாம்" என்றார். பணம் கொடுத்தால் இப்படிப்பட்டவருக்குக் கொடுங்கள்.

மலேசியாவில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் கைரோபிராக்டிக் வருகிறது. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் இதற்குப் பட்டப்படிப்பே நடக்கிறது. பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பலகையில் 'டாக்டர்' என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, நம் கிளினிக் டாக்டரைப் போல என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இனி ஓடுகிறவர்கள். நான் நிற்பது பினாங்குத் தாவரவியல் பூங்கா வாசலில், தண்ணீர்மலை கோயிலுக்குப் பக்கம். இங்கிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிக்கு ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை, செங்குத்து. ஏறும்போது மூச்சு வாங்கும், வலி இறங்கும்போதுதான் சேர்கிறது. ஒவ்வோர் அடியிலும் தொடையும் முழங்காலும் உடம்பின் வேகத்தைத் தடுத்துத் தடுத்துப் பிடிக்கவேண்டும். வாரம் முழுக்க மோட்டாரில் கூனி உட்கார்ந்தவர் ஞாயிற்றுக்கிழமை இதில் பாய்ந்து இறங்கினால், திங்கட்கிழமை வருகிற வலிக்கு முதுகெலும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள், அல்லது நடந்தே இறங்குங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அவர்கள் இன்னும் முழங்கால் வலி பார்க்காதவர்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகு வலியோடு, சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, கைரோபிராக்டரும் வேண்டாம், தைலமும் வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான்.

பிறை ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார், அம்மாவுக்கு எலும்பு பலவீனமாகிவிட்டதாம், கழுத்தைத் திருப்பிவிடலாமா என்று. வேண்டாம் அம்மா. எலும்பு பலவீனமானவர்களுக்கு வேகமாகத் திருப்பும் சிகிச்சை ஆகாது. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்த சம்பவங்கள் அரிதாக இருந்தாலும் இருக்கின்றன. எனக்கே முதுகில் மட்டும்தான் கை வைக்கச் சொன்னேன். அம்மாவின் எலும்பு அடர்த்தியை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள், முடிவு என்ன சொல்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.