இரைச்சல் என்று ஒதுக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டப்புறத்து ஆளை இசை பற்றிப் பேச அழைத்தால் உறுமி மேளம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து இசைக்குழு ஒன்று, நேப்பாம் டெத். அவர்களுடைய பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2003இல் இரண்டு சிடியாக வெளியிட்டார்கள். பெயர் 'நாய்ஸ் ஃபார் மியூசிக்ஸ் சேக்'. அதைப் போட்டால் அடுப்படியிலிருந்து "ஐயோ, என்ன இரைச்சல்" என்று குரல் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது போடுவார்கள். அணைக்கச் சொல்வதற்கு முன் கொஞ்சம் காது கொடுங்கள்.

இந்தக் குழுவின் பாட்டு ஒன்று, 'யூ சஃபர்'. உலகிலேயே மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நீளம் 1.316 விநாடி. நான் "வணக்கம் நேயர்களே" என்று சொல்லி முடிப்பதற்குள் தொடங்கி முடிந்துவிடும். டிரம், கிட்டார், தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல், அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரே கேள்வி: நீ துன்பப்படுகிறாய், ஆனால் ஏன்? விளையாட்டுக்குப் பாடியது என்பார்கள். இருக்கட்டும். இருட்டோடு எழுந்து பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டி, தோட்டத்தை விற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கேள்விக்கு நமக்கு விளக்கவுரை வேண்டுமா? அந்தப் பாட்டு இருக்கும் 'ஸ்கம்' இசைத்தட்டு 1987இல் வந்தது. அதன் தொடக்கமே பன்னாட்டு நிறுவனங்களைச் சாடுவதுதான். பேர் பெற்ற கம்பெனிகளுக்குப் பால் வெட்டிக் கொடுத்த ஊர்க்காரன் நான், எனக்கு அது இரைச்சலாகக் கேட்கவில்லை.

இன்னொன்று, வானொலியில் பேசும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே 1987இல் பிபிசி வானொலியின் ஜான் பீல் இவர்களை ஒலிப்பதிவுக்கு அழைத்து நாடு முழுக்கக் கேட்க வைத்தார். எந்த நிலையமும் சீண்டாத இசைக்கு ஒரு வானொலிக்காரர் கதவைத் திறந்தார். நம் நிலையங்களும் நம் இளைஞர்களுக்கு அப்படித் திறக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், திறக்க வேண்டும்.

இனி உறுமி. 'ஸ்கம்' முதல் பக்கம் 1986இல் பதிவானது, மறுபக்கம் 1987இல். அந்த இடைவெளிக்குள் டிரம் அடித்த மிக் ஹாரிஸைத் தவிர மற்ற எல்லாரும் மாறிவிட்டார்கள். 1991இல் அவரும் விலகினார். 'ஸ்கம்' பதிவில் இருந்த ஒருவர்கூட மிச்சமில்லை, குழு மட்டும் நின்றது. நம் ஊர் உறுமிக் குழுவும் இப்படித்தானே! மாமா விட்டதை மருமகன் எடுப்பான். திருவிழாக் கூட்டத்துக்கு வெளியே நின்று கேட்டாலே எந்தத் தோட்டத்து அடி என்று சொல்லிவிடுவோம். ஒரு குழுவின் முழுக்காலத்தையும் தொகுத்த சிடி வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். போனில் ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதான் இவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பாட்டு வந்த ஆண்டைப் பார்த்துப் பழையதிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஆள் மாறுவது கேட்கும், கோபம் மாறாததும் கேட்கும்.

1990களின் நடுவில் வேகத்தைக் குறைத்தார்களே, அதையும் பேச நினைத்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். முதலில் சொன்ன தொகுப்பில் இரண்டாவது சிடி முழுக்க அரிய பதிவுகள், அதையும் விட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.